இரண்டு பேருக்கான அறை

அந்த ரயிலில் அவரை எல்லோரும் மடிப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் கழுத்தில் தொங்கிய அட்டையோடு சரி. படுக்கை விரிப்பின் மூலையை அவர் மடித்துச் சொருகினால் தபால் உறையை ஒட்டி வைத்த மாதிரி இருக்கும். படுத்தவர் எவ்வளவு உருண்டு புரண்டாலும் அது அசைந்து கொடுக்காது. இருபத்தாறு வருஷம் அந்தக் கையால் நான்காம் பெட்டியின் படுக்கைகளைப் போட்டார், எடுத்தார். பிறகு வயதாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாம் முண்டியடித்துக்கொண்டு ஏறுகிற ரயில் இல்லை அது. மூன்று பகல், இரண்டு இரவு ஓடும். ஓர் அறைக்கு இரண்டே பேர். எதிரும் புதிருமாக இரண்டு சோபா. பொழுது சாய்ந்ததும் சாவி போட்டு அவற்றின் முதுகைச் சாய்த்தால் இரண்டு கட்டில். குளிக்க வெந்நீர், காகித உறைக்குள் மெத்தென்ற செருப்பு, சாப்பிடுவதற்கென்றே வெள்ளைத் துணி விரித்த தனிப் பெட்டி. தலைமாட்டில் ஒரு பித்தளைப் பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் பெட்டிக் கோடியில் மணி அடிக்கும், பணியாளர் வந்து நிற்பார். நிற்க மட்டும்தான் செய்யலாம். பயணியின் அறையில் உட்காரக் கூடாது என்பது அங்கே முதல் சட்டம். அத்தனை வருஷத்தில் மடிப்பு ஒரு தடவையாவது அந்தச் சோபாவில் உட்கார்ந்தாரா என்றால், இல்லை. யாரும் பார்க்காதபோதுகூட இல்லை. அப்படிப்பட்ட மனுஷன்.

ஓய்வு பெறுகிற பணியாளருக்குக் கம்பெனி ஒரு பயணம் கொடுக்கும், மனைவியோடு போய்வர. கடிதம் வந்த அன்றைக்கே அவர் மனைவி கிளம்பத் தயாராகிவிட்டாள். சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள். பிள்ளை குட்டி கிடையாது. சரக்குக் கிடங்குக்குப் பின்னால், இரண்டாம் மாடியில், இரண்டே அறை. ஒவ்வொரு பயணம் முடிந்து வரும்போதும் அவர் ரயிலைப் பற்றிச் சொல்வார், அவள் நூலைக் கடித்துக்கொண்டே கேட்பாள். கடிதம் வந்த பிறகு கேள்விகள் தீரவே இல்லை. வண்டி குலுங்கினால் குளிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்காதா? சூப்பு மடியில் கொட்டாதா? கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள் என்றும், எந்த வளைவு எப்போது வரும் என்று பரிமாறுகிறவனுக்கு மனப்பாடம் என்றும் அவர் விளக்குவார். அவளுக்குப் பிடிபடாதது அந்த மணி ஒன்றுதான்.

"நான் மணி அடிச்சா யார் வருவா?"

"யாராவது வருவாங்க. நான்தான் உன் எதிர்ல உக்காந்திருப்பேனே."

"வந்தா என்ன கேக்கறது?"

"எதையாவது கேளு. வெந்நீர் கேளு."

"வெந்நீருக்கு ஒரு ஆளைக் கூப்பிடறதா? எனக்கென்ன கை இல்லையா?" என்றாள். ஆனாலும் போய் அடித்துப் பார்க்கத்தான் போகிறாள் என்று அவருக்குத் தெரியும்.

பயணத்துக்கு எட்டு வாரம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பியவள் செருப்பை மாட்டக் குனிந்தாள். நிமிரவில்லை.

அவர் கம்பெனிக்குச் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? தனியாள் என்றால் பெட்டிக் கோடியில் ஒற்றைச் சோபா அறை. அவர் அவளுக்கு அங்குலம் அங்குலமாக விவரித்துச் சொன்னது அந்த அறையை அல்ல. அவளுக்கென்று ஒரு கட்டில், இரண்டு இரவு, விரித்தபடி கிடக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்த இரண்டு அறை வீட்டில் எட்டு வாரம் தனியாக இருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

கிளம்புகிற நாள் காலை, நான்காம் பெட்டி வாசலில் ஒரு புதுப் பணிப்பெண் நின்றிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். இந்தப் பயணம் ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று ஏறும்போதே பக்கத்துப் பெட்டிப் பணியாளர் அவளைச் சீண்டிக்கொண்டிருந்தார். அவள் கையில் ஆள் பட்டியல். அதில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், ஆள் ஏறியதும் ஒரு கோடு போட வேண்டும். முகத்தைப் பார்க்காமல் கோடு போடக் கூடாது; இது இரண்டாம் சட்டம்.

அவள் பட்டியலைப் பார்த்து, மேடம் எங்கே என்று கேட்டாள். தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம் வருகிற ஸ்டேஷனில் ஏறுவாள் என்றார் மடிப்பு. வாழ்நாளில் பெரிதாகப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர். இது மட்டும் எங்கிருந்தோ வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அறைக்குள் போனார். தேய்த்த விரிப்பின் வாசனை, மேசைமேல் வண்டி ஆடினாலும் நகராத பூச்சாடி, எல்லாம் அவர் அறிந்ததுதான். ஆனால் உட்காரத்தான் முடியவில்லை. முழங்கால் மடங்க மறுத்தது. பணிப்பெண் தேநீர்த் தட்டோடு வந்து, "உக்காருங்க சார், ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க?" என்றதும் ஓரத்தில் ஒட்டினாற்போல் உட்கார்ந்தார். அவள் போனதும் எழுந்துவிட்டார். ஜன்னலில் வயல் போயிற்று, செங்கல் சூளை போயிற்று, யாரோ ஒருத்தி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பார் என்று சொல்லத் திரும்பினார். எதிர்ச் சோபாவில் மெத்தை சுருக்கம் விழாமல் இருந்தது.

சாயங்கால ஸ்டேஷனில் அவருக்கு அதிர்ஷ்டம் கைகொடுத்தது என்று சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் பதினோரு சூட்கேஸோடு ஏறியது, பணிப்பெண் மூச்சுவிடாமல் தூக்கிக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்த பிறகுதான் வந்து கதவைத் தட்டினாள். மடிப்பு கதவை ஒரு சாண் திறந்தார்.

"மேடம் ஏறிட்டாங்களா சார்?"

"ஏறிட்டா. தலைவலின்னு படுத்திருக்கா. எழுப்ப வேண்டாம்மா."

அவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், முகத்தைப் பார்த்தாக வேண்டும். ஆனால் எதிரில் நிற்பவர் இருபத்தாறு வருஷம் இதே பெட்டியைப் பார்த்துக்கொண்டவர். அவர் பேச்சை நம்பாவிட்டால் வேறு யார் பேச்சை நம்புவது? கோடு போட்டுவிட்டாள்.

எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில்தான் படுக்கை போடுவார்கள். அதற்கு முன்பே அவர் முந்திக்கொண்டார். சாவியை ஓய்வு பெற்ற அன்றைக்கே ஒப்படைத்துவிட்டார் அல்லவா, அதனால் தேநீர்த் தட்டில் இருந்த கரண்டிக் காம்பைத் துவாரத்தில் நுழைத்துத் திருகினார். கரண்டி கோணிக்கொண்டது, சோபா சாய்ந்தது. இரண்டு கட்டிலுக்கும் விரிப்பை விரித்து, மூலைகளை மடித்தார். அவளுடையதை இரண்டு தடவை மடித்தார், முதல் தடவை மனசுக்குப் பிடிக்கவில்லை. தலையணையைத் தட்டி வைத்தார். ஜன்னல் பக்கம் அவளுக்கு. வேலை நடந்த அந்தக் கால் மணி நேரத்தில்தான் அன்றைக்கு முழுக்க அவர் நிம்மதியாக இருந்தார்.

சாப்பாட்டுப் பெட்டியில் அவருக்கு இரண்டு நாற்காலி போட்ட மேசை. சூப்பு கிண்ணத்தில் பாதிதான் வந்தது. மேடம் வரவில்லையா என்று பரிமாறுகிறவன் கேட்க, உடம்பு சரியில்லை என்றார். அங்கேதான் தப்புச் செய்தார். அந்த ரயிலில் ஒரு பயணிக்கு உடம்பு சரியில்லை என்றால் செய்தி உடனே மேலாளர் காதுக்குப் போகும், அவரே நேரில் போய் விசாரிப்பார். இப்படி எத்தனை பயணிகளுக்காக மடிப்பே மேலாளரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்! தனக்கு என்று வந்தபோது மறந்துபோனார்.

திரும்பி வந்தபோது அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மேலாளர். முன்பு சமையல் பெட்டியில் தட்டுக் கழுவியவர், மடிப்பை அண்ணே என்று கூப்பிடுகிறவர். தட்டிப் பார்த்து, பதில் இல்லாமல் பயந்து, சாவி போட்டுத் திறந்திருக்கிறார். குளியலறை காலி. கட்டில் இரண்டும் கலையாமல் கிடக்கிறது. பட்டியலில் கோடு இருக்கிறது, ஆளைக் காணோம். ஓடுகிற வண்டியில் ஓர் ஆள் குறைந்தால் என்ன அர்த்தம்? மேலாளர் கையில் ஓட்டுநரைக் கூப்பிடுகிற போன் இருந்தது. பணிப்பெண் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"முகத்தப் பாத்தியா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"பாக்கல சார்."

இனி என்ன நடக்கும் என்று மடிப்புக்கு ஒப்பிக்கவே தெரியும். அடுத்த ஸ்டேஷனில் அவளை இறக்கிவிடுவார்கள். சீருடையை மடித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அப்படி இரண்டு பேர் இறங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். மனைவிக்கு விரித்த கட்டிலைப் பார்த்தார். மூலை மடிப்பு அப்படியே இருந்தது. எட்டு வாரமாக அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அக்கம்பக்கத்தார் தாங்களாகவே வந்தார்கள், தாங்களாகவே அழுதார்கள், போனார்கள்.

"வண்டிய நிறுத்தாதீங்க," என்றார். "யாரும் விழல. அவ ஏறவே இல்ல. அவ செத்துப் போயி எட்டு வாரம் ஆச்சு."

மேலாளர் போனை இறக்கினார். ஜன்னல் பலகையில் கோணலாகக் கிடந்த கரண்டியை எடுத்துப் பார்த்தார். பிறகு விரிப்பின் மூலையைப் பார்த்தார்.

"இந்த மூலையப் பாத்ததுமே நீங்கதான்னு எனக்குத் தோணியிருக்கணும்," என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணே."

மடிப்பு அவரிடமிருந்து பயணக் குறிப்பேட்டை வாங்கி, 'பணிப்பெண் கேட்டாள், நான் பொய் சொன்னேன், அவள்மேல் தவறில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முழுக்கத் தவறில்லை என்று சொல்லிவிட முடியுமா என்று மேலாளர் முனகினார். ஆனாலும் அவளை இறக்குவதில்லை என்று முடிவாயிற்று. அறையையும் மாற்ற வேண்டாம், இங்கேயே இருங்கள் என்றார். ஒன்று மட்டும்தான்.

"ஆளில்லாத கட்டில் விரிச்சுக் கிடக்கக் கூடாது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்," என்றார்.

நானே எடுக்கிறேன் என்று அவர் கையை நீட்டினார். பணிப்பெண் விடவில்லை.

"நீங்க உக்காருங்க சார். இது என் வேலை."

உட்கார்ந்தார். பயணி அறையில், கட்டிலில் சுவரோடு முதுகு பட அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவள் மூலைகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். அவை சுலபத்தில் வரவில்லை, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமலே, "என் பொழப்போட விளையாடிட்டீங்க," என்றாள்.

"ஆமாம்மா," என்றார். சமாதானம் சொல்கிற ஆள் இல்லை அவர்.

மறுநாள் காலை மலைகள் வந்தன. மனைவியிடம் அவர் அதிகமாகச் சொன்னது அந்த மலைகளைப் பற்றித்தான். மேகம் ஜன்னல் கம்பியைத் தொடும் என்று கொஞ்சம் கூட்டியே சொல்லியிருந்தார். அன்றைக்குப் பார்த்து வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அவள் இருந்திருந்தால் அவரை ஒரு வழி பண்ணியிருப்பாள். எதிர்ச் சோபா சோபாவாக நிமிர்ந்திருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து, தலைமாட்டுப் பித்தளைப் பொத்தானை அமுக்கினார்.

தூரத்தில் மணி அடித்தது. இந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் அது இவ்வளவு சின்னச் சத்தம் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

பணிப்பெண் வந்து வாசலில் நின்றாள். கோபம் இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை.

"சொல்லுங்க சார்."

"வெந்நீர் வேணும்."

"ஒரு டம்ளரா, ரெண்டு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஒண்ணு போதும்மா," என்றார்.

கொண்டுவந்து மேசையில், டம்ளர் நகராமல் இருக்கிற குழியில் வைத்துவிட்டுப் போனாள். வண்டி வளைவில் திரும்பியது. விழாது என்று தெரிந்தும் அவர் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.