ஒன்றும் சொல்லாத ஆய்வகக்காரர்

அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று வைத்திக்குப்பத்திலிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தோம். அங்கே ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் ரத்தத்தைப் பெரிய மெஷினில் வைத்தார். எங்கள் சம்மதத்தோடு ஒரு சொட்டை நகமளவு சென்சாரில் விட்டு, அதை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆட்டினாத்தான் அடிபட்ட இதயத்துலேருந்து கசியுற புரதம் சீக்கிரம் வந்து ஒட்டும். மெஷினுக்கு ஒரு மணி நேரம், இதுக்கு அஞ்சு நிமிஷம்."

சென்சாரோடு இணைத்திருந்த திரையில் கோடு செங்குத்தாக எழுந்தது. அவர் கை நின்றுவிட்டது.

"என்ன காட்டுது சார்?"

"இது இன்னும் சோதனையிலதான் இருக்கு தம்பி. இதை வச்சு ஒண்ணும் சொல்லக்கூடாது."

சொல்லிவிட்டு வெறுங்காலோடு வெளியே ஓடினார். பெஞ்சிலிருந்து எழுந்த அப்பாவைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். டாக்டரைக் கையோடு அழைத்துவந்தார்.

மாரடைப்பு என்று மெஷின் சொன்னபோது, அப்பாவுக்குச் சிகிச்சை தொடங்கியிருந்தது.

சென்சார் காட்டிய முடிவை அவர் வெளியே சொன்னாரா என்று பிறகு ஆஸ்பத்திரி நிர்வாகத்தினர் என்னை விசாரித்தார்கள்.

"ஒண்ணுமே சொல்லலீங்க" என்றேன்.