ஹீற்றர் தந்த நித்திரை

மெல்பேர்னில், த பேசின் என்ற ஊரின் மலையடிவாரத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிபோன முதல் குளிர்காலம் அது. எனக்கு ஐந்தாம் மாதம். வீட்டிலிருந்தபடியே வேலை செய்தேன். மத்தியானம் சமைத்துச் சாப்பிட்டதும் காஸ் ஹீற்றருக்கு முன்னால் சோபாவில் சாய்வேன். கண்ணாடிக்குப் பின்னால் சுவாலை செம்மஞ்சளாக அசையும். யன்னலுக்கு வெளியே மூடுபனி மலையிலிருந்து இறங்கி, மரங்களை ஒவ்வொன்றாக மறைக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு கனத்து, இளஞ்சூட்டுத் தண்ணீருக்குள் அமிழ்வதுபோல நித்திரை வரும். வயிற்றிலிருக்கும் பிள்ளையும் என்னோடு மிதப்பதாக நினைத்துக்கொள்வேன். அந்தக் கனவுகளில் நிறங்கள் இருந்தன, சத்தமே இருக்கவில்லை.

எழும்பும்போது தலை இடிக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் வழமைதானே என்று இருந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை கணவரும் பக்கத்தில் படுத்துறங்கினார். எழும்பி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"உமக்கும் தலை இடிக்குதோ?"

"ஓம். எனக்கு ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான்."

அவர் என்னைப் பார்த்தார், ஹீற்றரைப் பார்த்தார். சட்டென்று அதை நிறுத்திவிட்டு யன்னல்களையெல்லாம் திறந்தார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இருவரின் இரத்தத்திலும் ஹீற்றரின் நச்சுவாயு கலந்திருந்தது. முகமூடி வழியாக ஒட்சிசனை இழுத்தபடி, கருவியில் பிள்ளையின் இதயத்துடிப்புக் கேட்கும்வரை அவருடைய கையை விடாமல் பிடித்திருந்தேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அத்தனை இனிமையான நித்திரையா எங்களைக் கொண்டுபோகப் பார்த்தது?

ஹீற்றரைச் சோதிக்க வீட்டுக்கு வந்தவர் காரணம் சொன்னார். பூட்டிய வீட்டில் நான் சமையல் புகையை வெளியே தள்ளும் குசினி விசிறியைப் போடும்போதெல்லாம், புகைபோக்கியால் வெளியேற வேண்டிய வாயுவை அது உள்ளே இழுத்திருக்கிறது. ஹீற்றரைப் பாவிக்கக்கூடாது என்று துண்டு ஒட்டிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் போர்வைகளுக்குள் ஒடுங்கியிருந்து யோசித்தோம்.

"புகை உள்ளுக்கு வராத புது காஸ் ஹீற்றரும் இருக்காம். இல்லாட்டி கரண்டில ஓடி வீட்டைச் சூடாக்கிற ஏசி. உமக்கு எது விருப்பம்?"

"கரண்ட்."

"அப்ப அடுப்பு? நீர் நெருப்பில சமைக்கத்தானே விரும்புறனீர்."

உண்மைதான். கத்தரிக்காயைச் சுவாலையில் வாட்டும் மணம் எனக்கு உயிர்.

"அதுவும் வேண்டாமப்பா. காஸை முழுசா நிப்பாட்டுவம்."

காஸ் கொம்பனிக்காரர் வந்து மீற்றரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இன்டக்‌ஷன் அடுப்பில், சுவாலையே இல்லாமல் பால் பொங்கி எழுந்தது முதல்நாள் மாயம்போல இருந்தது. கத்தரிக்காயை இப்போது கரண்ட் அவணில் சுடுகிறேன். அந்த மணம் வருவதில்லை.

கோடை தொடங்கமுன் மகள் பிறந்தாள். அவள் கதைக்கத் தொடங்கிய பிறகு, ஒருநாள் பக்கத்திலிருக்கும் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். கற்பூரத் தட்டு எங்கள் முன்னால் வந்தது. வீட்டில் நெருப்பையே கண்டிராத பிள்ளை, அசையும் அந்தச் சுவாலையை வாய்பிளந்து பார்த்தாள்.

"அம்மா, வாட் இஸ் இட்?"

"நெருப்பம்மா," என்றேன். அவளுடைய சின்னக் கைகளைப் பிடித்து, சூடு படாத தூரத்தில் காட்டி, கண்களில் ஒற்றிவிட்டேன்.