ஒரு சொல்லை வைத்தே வாத்தியார் ஆனவர்

அவர் ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. பள்ளி அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட்ட எழுத்தர், அவ்வளவுதான். ஆனாலும் சொந்தபந்தம் முழுக்க அவரை வாத்தியார் என்றே கூப்பிட்டது. காரணம், அவர் கையில் ஒரு சொல் இருந்தது. யார் வீட்டுக் கல்யாணமானாலும் மைக்கைப் பிடுங்கிக்கொள்வார்.

"ஆசு என்றால் குற்றம். இரிதல் என்றால் ஓடுதல். குற்றத்தை ஓட வைப்பவர் எவரோ, அவரே ஆசிரியர்!"

மூத்த சம்பந்தியின் தம்பி ஒருமுறை, "அது ஆச்சாரியர்ங்கற வடமொழிச் சொல்லுல இருந்து வந்ததுன்னும் சொல்றாங்களே" என்று வாயைக் கொடுத்தார். ஆறு வருஷம் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

அவருடைய கொழுந்தியாள் சலவைக்கடை வைத்திருந்தாள். புருஷன் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொள்ள, துணி கொண்டுபோகும் வேனுக்கு ஆளில்லை. ஒரு பெரிய விடுதியின் படுக்கை விரிப்புகளை நம்பித்தான் கடையே ஓடியது. "பத்து நாள் பொறுக்கறேம்மா, அப்புறம் வேற கடை பாத்துக்கறேன்" என்று விடுதிக்காரர் சொல்லிவிட்டார். பழகுநர் உரிமம் முன்பே எடுத்து வைத்திருந்ததால், அவளே ஓட்டுவதென்று துணிந்து, ஓட்டுநர் தேர்வுக்கு எழுதிக் கொடுத்தாள்.

"கத்துக்குடுக்க வெளியாள் எதுக்கு, நான் இல்லையா?" என்று வாத்தியார் வந்து குதித்தார். இளவயதில் வாங்கிய உரிமம் அவரிடம் உண்டு. ஸ்டீரிங்கைத் தொட்டதாக மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை.

கடைக்குப் பின்னால் வேன் நின்றது. பக்கத்து இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நோட்டை எடுக்கச் சொன்னார்.

"முதல்ல ஆசிரியர்னா என்ன? எழுதிக்கோ."

"அத்தான், கிளட்ச் எது?"

"அவசரக்குடுக்கை! ஆசுன்னா குற்றம்..."

"குற்றத்தை அப்புறம் ஓட்டலாம் அத்தான், இப்ப வண்டிய ஓட்டணும்."

அஞ்சு நாள் ஓடியது. வண்டி ஓடவில்லை. நோட்டில் பதினொரு பக்கம் நிரம்பியது. கடைக்குள்ளே துவைத்த விரிப்புகள் கொண்டுபோக வழியில்லாமல் ஆள் உயரத்துக்குக் குவிந்தன. ஆறாம் நாள் அவள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"நிஜமாச் சொல்லுங்க, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியறது வேற, கற்பிக்கறது வேற."

"அப்ப இறங்குங்க."

அவர் இறங்கிய சூட்டிலேயே மாவுக்கட்டுக் காலோடு புருஷனைத் தாங்கிக் கொண்டுவந்து அந்த இருக்கையில் ஏற்றினாள். அவனுக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. "மிதி. விடு. மெதுவா. ஐயோ, சுவரு!" இதுதான் அவன் நடத்திய மொத்தப் பாடம். சுவரில் இரண்டு இடம் பெயர்ந்தது. பத்தாம் நாள் காலை தேர்வில் தேறிவிட்டாள். மத்தியானமே விடுதி வாசலில் வேன் நின்றது.

அங்கே வாத்தியார் முந்திக்கொண்டு நின்று, "எல்லாம் நான் போட்ட அடித்தளம்" என்று விடுதிக்காரரிடம் அளந்துகொண்டிருந்தார்.

அவள் மறுக்கவில்லை. இருப்பதிலேயே பெரிய மூட்டையைத் தூக்கி அவர் தோளில் வைத்தாள்.

"மூணாவது மாடி, அத்தான். லிஃப்ட் வேலை செய்யல."