கொலுவில் சிக்கிய ஷும்ஷு தீவு

இந்தியர்கள் நிறைந்த எடிசன் நகரை விட்டு டெக்சாஸில் ஆலனுக்கு நாங்கள் குடிவந்த வருடம் நான் ஆறாம் வகுப்பு. எடிசனில் நவராத்திரி என்றால் எங்கள் வாசலில் செருப்புக் கழற்ற இடம் இருக்காது. ஆலனிலோ, எங்கள் தெருவில் எங்களை விட்டால் ஓர் இந்தியக் குடும்பம் கிடையாது. அம்மா விடுவாளா? ஏழு படி கட்டினாள், கீழே பூங்கா அமைத்தாள், தினமும் சுண்டல் செய்தாள். யாரும் வரவில்லை. அத்தனை சுண்டலையும் நானும் அப்பாவும், எங்களோடு தங்கியிருந்த மாமாவும் தின்று தீர்த்தோம். எங்கள் வயிறு என்ன பாவம் செய்ததோ!

எனக்கோ வேறு கவலை. வெள்ளிக்கிழமை வரலாற்று ப்ராஜெக்ட் கொடுத்தாக வேண்டும். யுத்தக் கதை என்றால் சோறு வேண்டாத மாமா எடுத்துக் கொடுத்த தலைப்பு அது: இரண்டாம் உலகப் போரின் கடைசியில், ஜப்பான் வசமிருந்த குரில் தீவுகளை சோவியத் படை பிடித்த கதை. முதல் அடி வாங்கிய ஷும்ஷு தீவைக் காகிதக் கூழில் செய்திருந்தேன். பஞ்சில் மூடுபனி, கரையேறும் பிளாஸ்டிக் சிப்பாய்கள், மேட்டில் ஜப்பானிய டாங்கிகள். என் கையால் அவ்வளவு அழகாக எதையும் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

கராஜில் காய வைத்திருந்த தீவைப் புதன்கிழமை காணோம். தேடினால், கொலுப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறது! உச்சியில் முருகன். டாங்கிகளுக்குப் பக்கத்தில் செட்டியார் தம்பதி பருப்புக் கடை விரித்திருந்தார்கள்.

"அம்மா, தட்ஸ் மை ப்ராஜெக்ட்!"

"மலை மாதிரி இருந்துச்சு, வெச்சுட்டேன். கொலுவுல ஏத்தினதை விஜயதசமிக்கு முன்னாடி எடுக்கக் கூடாதுடி."

விஜயதசமி அடுத்த வாரம். அழுதேன், கத்தினேன், சாப்பிட மாட்டேன் என்றேன். அப்பா, "அவகிட்ட யாரு பேசுறது" என்று லேப்டாப்புக்குள் புகுந்துகொண்டார். மாமா தீவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சோவியத்காரன் கரையேறினதும் மொதல்ல கால் கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கலாம்" என்றார். அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது.

மறுநாள் காலை மாமாவே என்னைக் காரில் பள்ளிக்குக் கூட்டிப் போனார். ஆசிரியையை வராண்டாவில் நிறுத்தி, கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினார். திரும்பி வந்து, "டென்ஷன் ஆகாத. சாயங்காலம் வீட்டுக்கே வந்து க்ரேட் பண்றாங்களாம்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆசிரியை தனியாக வரவில்லை, கூட வேலை செய்கிற இருவரையும் அழைத்து வந்தார். காலணிகளை வாசலில் கழற்றினார்கள். அம்மா பட்டுப்புடவையில் நின்று, மூவருக்கும் குங்குமம் வைத்து, தட்டு நிறையச் சுண்டல் கொடுத்தாள். நான் கொலு முன்னால் நின்று என் தீவை விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, ஜப்பான் சரணடைவதாக அறிவித்த பிறகும் ஒரு சின்னத் தீவுக்கு எதற்கு இத்தனை சண்டை என்று ஆசிரியை கேட்டார்.

மாமா சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன்: ஓர் இடத்தைக் கையில் பிடித்து வைத்திருந்தால்தான் மற்றவர்கள் நம்மைத் தேடிப் பேச வருவார்கள்.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அத்தனை பேர் செத்த இடத்தில் என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது என்று எனக்கு ஒரே எரிச்சல். ஆனால் ஏ ப்ளஸ் கிடைத்தது, எரிச்சல் போய்விட்டது. அடுத்த நாள் சாயங்காலம் இன்னும் சிலர் வந்தார்கள். எங்கள் பங்குக்குச் சுண்டலே மிஞ்சவில்லை.

இப்போது நானும் கொலு வைக்கிறேன். போன நவராத்திரியின் மூன்றாம் நாள், என் மகள் நடுப்படியிலிருந்த யானையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். பதறிப்போய் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"விளையாடட்டும் விடு. யானைய எடுத்தா அம்பாள் கோவிச்சுக்கவா போறா?"

"அப்ப என் தீவு?"

அம்மா அதே மாதிரி முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"கேட்டவுடனே குடுத்திருந்தா, உங்க டீச்சர் நம்ம வீட்டுக்கு வந்திருப்பாங்களாடி?"