யன்னலடியில் வைத்த புத்தகம்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைப்பது என் வேலை. நூலக யன்னலடியில் இருக்கும் சிறுவர் கதைப் புத்தகங்கள் அடிக்கடி காணாமற் போயின. துடைக்கிறவளைத்தானே முதலில் சந்தேகிப்பார்கள்? ஒருநாள் ஒளிந்திருந்து, புத்தகமொன்றை எடுத்த பத்தாம் வகுப்புப் பிள்ளையொருத்தியின் கையைப் பிடித்துவிட்டேன்.

"கள்ளி! ரீச்சர், ஓடி வாங்கோ!"

அவள் புத்தகத்தைப் போட்டுவிட்டு அழுதுகொண்டு ஓடினாள்.

நூலக ரீச்சர் தலையில் கைவைத்தார். "ஐயோ அக்கா! அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க ஏலும். சின்னப்பிள்ளையளின்ர புத்தகத்தை மற்றவைக்கு முன்னால கேட்க வெட்கம். அதுதான் அவள் எடுத்துக்கொண்டு போகட்டுமெண்டு நான் இதில வைக்கிறனான்."

நானும் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அந்த வெட்கம் எனக்குத் தெரியாததா?

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. மறுநாள் அந்தப் புத்தகத்தை அவளுடைய மேசைக்குள் வைத்தேன். பள்ளி விட்டபின் பார்த்தேன், புத்தகம் இல்லை. இந்த முறை நான் யாரையும் கூப்பிடவில்லை.