மாப்பிள்ளையின் உத்தியோகத்தைப் பார்க்க வந்தவர்

இன்று மாலையும் அல்சூர் டென்ட் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். ஊமைப்படத்தில் இங்கிலீஷ் எழுத்து வரும்போதெல்லாம் அதைத் தமிழில் சொல்வதுதான் என் உத்தியோகம்.

இங்கிலீஷ் இலக்கியத்தில் பி.ஏ. வாங்கினால் வேலை வீடு தேடி வரும் என்றார் அப்பா. வந்தது இதுதான்.

கதாநாயகன் மலை உச்சியில் தொங்குகிறான், கதாநாயகி அழுகிறாள். திரையில் ஒரே வரிதான். நான் காலேஜில் படித்த சோகத்தையெல்லாம் சேர்த்துப் பேசினேன். தரை டிக்கெட்டில் மூக்கை உறிஞ்சினார்கள். பெஞ்சில் ஒரு பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

வாரம் ஒரு பகுதியாக ஓடும் தொடர்படம் அது; இந்த வாரப் பகுதி முடிந்ததும் அவரே என்னிடம் வந்தார். நாளை நான் பெண் பார்க்கப் போகவிருந்த ஆஸ்டின் டவுன் வீட்டுக்காரராம். "படிப்புக்கேத்த வேலை" என்று மட்டும் அம்மா அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள். அது என்ன வேலை என்று நேரில் பார்க்க வந்திருக்கிறார்.

"பேஷா பேசுறீங்க தம்பி. என்னையே அழ வச்சிட்டீங்களே!"

எனக்கு உச்சி குளிர்ந்தது.

"ஆனா பொண்ணக் குடுக்கணும்னா ஆபீஸ் வேலையா இருக்கணும் பாருங்க. நாளைக்கு வர வேணாம். தப்பா நெனச்சுக்காதீங்க."

நாளைக்கென்று சலவைக்குப் போட்டிருந்த கோட்டு நினைவுக்கு வந்தது.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அடுத்த வாரம் அவன் பொழச்சுக்குவானா?"

பிழைத்துக்கொள்வான். கல்யாணமும் ஆகும்.

"செத்துடுவான் சார்" என்றேன்.

நான் சொன்னதில் தப்பிருந்தால் நீங்களே சொல்லுங்கள்.