சட்டைக்குள் ஒரு பெல்ட்

பட்டுச் சேலைக் கடையில் வேலை என்றால் ஏசியில் சுகமாக உட்கார்ந்திருப்பது என்று என் உறவினர்கள் நினைக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டாருக்காக நூறு சேலைகளை இறக்கி விரித்து, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று அவர்கள் எழுந்து போனபின், அத்தனையையும் மடித்து ஏற்றுவது யார்? பன்னிரண்டு வருடத்தில் என் இடுப்பு கழன்றுவிட்டது. டாக்டர் பெல்ட்டும் ஓய்வும் எழுதிக் கொடுத்தார். பெல்ட்டை மட்டும் வாங்கினேன்.

செவிலிமேட்டில் தகரக் கூரை போட்ட எங்கள் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் என் இடுப்பில் கை வைத்து ஜெபித்தார். சத்தியம் செய்யக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், வலி போய்விட்டது. சுகம் கிடைத்தவன் உடனே எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சொல்லாவிட்டால் கிடைத்தது கைவிட்டுப் போய்விடுமாம். நான் மைக்கைப் பிடித்து, குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டே காட்டினேன். கைதட்டலில் தகரம் அதிர்ந்தது.

செவ்வாய்க்கிழமை வலி திரும்பி வந்தது.

என்ன செய்வது? ஆண்டவர் குணமாக்கினார் என்று ஊரறியச் சொல்லியாயிற்று. இப்போது அவர் பெயரைக் கெடுக்கலாமா? அவருடைய மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். பெல்ட்டைச் சட்டைக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டு சபைக்குப் போனேன். பாஸ்டரோ புதிதாக யார் வந்தாலும், "நம்ம பிரதரப் பாருங்க" என்று என்னை எழுப்பிக் குனிய வைத்தார். நிமிரும்போது என் கண்ணில் தண்ணீர் வரும். ஆவியின் பரவசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"ஏசப்பாவுக்கு உங்க பொய் வேணுமாங்க?" என்று மனைவி கேட்டாள். விசுவாசக் குறைவு என்று அவளை அதட்டினேன். வீட்டில் என் அதட்டல் எதற்கும் எடுபட்டதில்லை, இதற்கும் எடுபடவில்லை.

இப்படியே ஐந்து மாதம் ஓடியது. ஒரு ஞாயிறு, ஆராதனை தொடங்குமுன் ஓரிக்கையிலிருந்து வரும் நெசவாளி ஒருவரின் மனைவி என்னிடம் வந்தார். அந்த அம்மாவுக்கு வலிப்பு உண்டு. மாத்திரையில் அடங்கியிருந்தது.

"உங்க சாட்சியக் கேட்டதுலேர்ந்து மனசு கேக்கல பிரதர். நேத்தோட மாத்திரைய நிறுத்திட்டேன். நாள் பூரா அடுப்பாண்டதான் நிக்கறேன், பயமே இல்ல. விசுவாசம் இருக்குது."

ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் வலிப்பு, நடுவில் நான் குனிந்து தொட்டுக் காட்டிய கட்டைவிரல்.

சாட்சி நேரம் வந்ததும் யாரும் கூப்பிடாமலே எழுந்து சட்டையைத் தூக்கினேன். "வலி ரெண்டே நாள்ல வந்துடுச்சி. உங்கள ஏமாத்திக்கினு இருந்தேன். என்னப் பாத்து யாரும் மாத்திரைய நிறுத்தாதீங்க" என்றேன். ஒரு கை கூடத் தட்டவில்லை. பாஸ்டர் அவசரமாக ஒரு பாட்டை ஆரம்பித்தார். கீபோர்டுக்காரர் சுருதியைக் கண்டுபிடிப்பதற்குள் நான் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன். அவமானமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா எதிரில் வந்து நின்றார். அழுத கண்கள், ஆனால் குரலில் கோபம்.

"அப்போ உங்களுக்கு சுகமே ஆவலையா?"

"ஆவல சிஸ்டர்."

"ஆவலன்னா அஞ்சு மாசமா எதுக்கு வந்துக்கினு இருந்தீங்க?"

நல்ல கேள்வி. ஆண்டவரின் மானம், பாஸ்டரின் மனசு என்று காரணங்களைத் தேடிப் பார்த்தேன். எதுவும் உண்மையாகப் படவில்லை. தினமும் காலையில் கடைக்குள் நுழையுமுன், "இன்னிக்கு ஒரு நாள் தாங்க வை" என்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் தாங்கியிருக்கிறேன். அதை மைக்கில் சொல்லலாம் என்று எனக்கு ஒரு தரமும் தோன்றியதில்லை.

"வேற எங்க போறதுன்னு தெரியல சிஸ்டர்" என்றேன்.

அவர் பைபிள் பையின் ஜிப்பைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தார். நிறுத்தியவர் அதை ஏன் கையோடு கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை.

"தண்ணி இருக்குதா பிரதர்?" என்றார்.